மறுக்கிறார் = இல்லை?

2024 ஜூன் 18 ராத்திரி கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வாந்தி, வயிற்றுவலி, பேதி என்று ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சிலருக்குக் கண் தெரியவில்லை. வாந்தி யாருக்கும் வரும். பார்வை மங்குவதுதான் மெத்தனாலின் கையெழுத்து. ஈரலில் அது ஃபார்மிக் அமிலமாகி, கண் நரம்பைத் தின்னும். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

நோயாளிகளை சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பிரித்து அனுப்பினார்கள். கேஸ் ஷீட்டுகளும் ஊருக்கு ஊர் பிரிந்தன. அவற்றையெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் படித்து, 'வாந்தியும் பார்வை மங்கலும் சேர்ந்து இன்று இத்தனை பேர்' என்று சொன்னால் எப்படி? மெத்தனால் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும். குடித்துவிட்டு இன்னும் வீட்டில் படுத்திருப்பவரைத் தேடிப் பிடிக்கச் சில மணி நேரம் கிடைக்கும்.

சாஃப்ட்வேர் இருக்கிறது, இலவசமாகவே. அமெரிக்க மேயோ கிளினிக்கில் பிறந்த 'சி-டேக்ஸ்'. ஜாவா போட்டு, இறக்கி, விரித்தால் பாதி வேலை முடிந்தது. மருத்துவ அகராதி மட்டும் தனி. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தில் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். அதுவும் காசில்லை.

அப்புறம்தான் வம்பு. நம் டாக்டர்கள் பார்வைக் குறைவை 'டி.ஓ.வி.' என்பார்கள். சர்க்கரை இல்லாதவருக்கு 'என்/கே/சி/ஓ டி.எம்.'. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'என்'னை இயந்திரம் விட்டுவிட்டால், இல்லாத சர்க்கரை வந்துவிடும்! இதையெல்லாம் நாம்தான் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.

'இல்லை'யைக் கண்டுபிடிக்க 2001-ல் வெண்டி சாப்மன் குழு 'நெக்எக்ஸ்' என்று ஒன்று செய்தது. 'நோ', 'டினைஸ்' போன்ற சொல் வந்தால், அடுத்த ஐந்து வார்த்தைக்குள் இருக்கும் நோயை அடித்துவிடும். எளிமைதான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். சி-டேக்ஸ் இப்படிப்பட்டதற்கு மைனஸ் ஒன்று போடும். பி.காம். படித்த எனக்கு மைனஸ் புரிகிறது, ஆனால் இந்த மைனஸ் உதைக்கிறது.

சாராய ரெய்டு என்று போலீஸ் ஏறி இறங்கும் கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். 'கண்ணு புகையா தெரியுதுங்க' என்பார். 'குடிச்சியாப்பா?' என்றால், 'ஐயோ, இல்லீங்க' என்பார். வேறென்ன சொல்வார்? டாக்டர் நியாயமாக, 'குடிப்பழக்கத்தை மறுக்கிறார்' என்று எழுதுகிறார். மறுத்தார் என்பது வேறு, குடிக்கவில்லை என்பது வேறு. இயந்திரத்துக்கு இரண்டும் மைனஸ் ஒன்றுதான். சாராய கேஸ் கணக்கிலிருந்து அந்த மனிதர் காணாமல் போய்விடுவார்.

ஆகவே இங்கே இதை நிறுவுகிறவர் ஒரு விதியைக் கையால் எழுதிச் சேர்க்கட்டும்: கண் மங்குகிறது என்று வந்தவர் குடியை மறுத்தால், 'இல்லை' என்று போடாதே, 'தெரியவில்லை' என்று போட்டு டாக்டரைக் கூப்பிடு.