கிளிமூக்குச் சேவல்

குப்பைமேட்டில் பொருதும் கோழிகளை உவமையாக்கியதால் ‘குப்பைக்கோழியார்’ எனப் பெயர்பெற்ற புலவர் ஒருவர் குறுந்தொகையில் உள்ளார். கோழிப்போர் அத்துணைப் பழைமையானது. அப்போர்ச்சேவல் மரபினின்று கிளைத்ததே கிளிமூக்கு விசிறிவால் சேவல். கிளியின் அலகென வளைந்த குறுமூக்கும், நீண்டு விரிந்த வாலும் உடைய இது, களத்தில் மோதுவதற்கன்று. திண்டுக்கல் போன்ற ஊர்களின் கண்காட்சிகளில் நிமிர்ந்து நின்றே பரிசு பெறுகிறது. காகம், கீரி, மயில் என நிறத்துக்கொரு பெயர்! சேவலின் பெயர்களில்கூடப் பிற உயிர்களே வாழ்கின்றன.

பரிசு சேவலுக்கு, இனத்தைக் காக்கும் பொறுப்போ பெட்டைக்கு. பண்ணைக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டைகள் இட, இவ்வினப் பெட்டை அதில் சிறுபகுதியே இடும். வாலழகு ஒன்றையே கருதி நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்தால் குஞ்சுகள் நலியும். ஆகவே, தேர்ந்த வளர்ப்போர் சேவலின் விலைக்கு முன் அதன் தாய்வழியைக் கேட்பதுண்டு.