உட்புற விளிம்பு

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து மாலை ஒன்று. என் தாயாரைச் சென்னையிலிருந்து திண்டிவனத்திற்குக் காரில் அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். மதுராந்தகத்தை நெருங்கும்போது மழை வலுத்தது. வேகம் எண்பதைச் சற்றே தாண்டியிருக்கும். சாலையில் தேங்கியிருந்த நீரின்மேல் ஏறிய கணத்தில் ஸ்டீயரிங் என் கைகளில் எடையற்றுப் போயிற்று. திருப்பினேன்; கார் திரும்பவில்லை. இரண்டு மூன்று வினாடிகள் அது தன் போக்கில் வழுக்கிச் சென்று, நடுத்தடுப்புக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. நல்லவேளையாகப் பின்னால் வேறு வாகனம் வரவில்லை. அம்மா கதவின் கைப்பிடியை இரு கைகளாலும் இறுகப் பற்றியிருந்தார்கள். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஊர் சேரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனமே எனக்குப் போதுமான கடிதலாயிற்று.

அந்தக் கார் என்னுடையது அன்று. 2016-இல் என் அண்ணன் ஆசையோடு வாங்கிய ஜெர்மானிய சொகுசு செடான். விரைவுக்கும் வளைவுகளில் உறுதிக்கும் பெயர்பெற்ற வகை. வேலை நிமித்தமாக வெளிநாடு சென்றபோது, "விற்க மனமில்லை, நீ வைத்துக்கொள், நன்றாகப் பார்த்துக்கொள்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். நானும் பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் கழுவினேன், மெழுகு பூசித் துடைத்தேன், டயர்களின் பக்கவாட்டில் பளபளப்புத் தைலம் தடவி, அவை புதியனபோல் கறுத்து மின்னுவதைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு உண்மையான உக்கிராணக்காரனாய் இருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

மறுநாள் காலை திண்டிவனத்தில் ஒரு டயர் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். நான் நடந்ததைச் சொல்லிவிட்டு, "டயர்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஐயா" என்றேன். அவர் பதில் சொல்லாமல், ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பச் சொன்னார். திருப்பினேன். "இப்போது இறங்கி வந்து பாருங்கள், தம்பி" என்றார்.

முன் டயரின் வெளிப்புறத்தில் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. உட்புற விளிம்போ வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. ஏதோ ஒரு குழியில் சக்கரம் அடிபட்டு வீல் அலைன்மென்ட் விலகியிருக்க வேண்டும். அதன் பின் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் உள்விளிம்பைத் தின்றிருக்கிறது. டயரின் பள்ளங்கள் சாலையில் நிற்கும் நீரை வாரி வெளியே தள்ளுவதற்காக உள்ளவை. அவை தேய்ந்துவிட்டால் நீர் வெளியேற வழியின்றி ரப்பருக்கும் சாலைக்கும் இடையே ஆப்புப்போல் நுழைந்து காரைத் தூக்கிவிடும். ஒன்றரை டன் எடையுள்ள வாகனம் சாலையைத் தொடுவது, ஒரு சக்கரத்திற்கு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். அந்த உள்ளங்கைகளில் இரண்டு பாதி மரத்துப்போயிருந்தன. நான் வாரந்தோறும் மெருகிட்ட பக்கமோ சாலையைத் தொடுவதே இல்லை.

பெரியவர் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் பதிந்திருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 2316. அதாவது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு முதுமை உண்டு. அது இறுகி, பிடிமானத்தை இழக்கும். ஆறு ஆண்டுகளில் மாற்றிவிடும்படி பல கார் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. என்னுடையவற்றுக்கு வயது ஏழு.

பிறகு எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. நீண்ட நாளாக என் மனத்தில் ஓர் ஆசை இருந்தது: 17 அங்குலச் சக்கரங்களை நீக்கிவிட்டு 18 அங்குல அலாய் சக்கரங்கள் பூட்டவேண்டும். அதற்கென்று பணமும் சேர்த்திருந்தேன். சக்கரம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் குட்டையாகும், தோற்றம் மிடுக்காகும். நம் சாலைக் குழிகளிலோ அந்தக் குட்டைச் சுவர் அதிர்ச்சியை முழுதும் தாங்காது, விளிம்பு நெளியும், பின் இருக்கையில் இருப்பவரின் முதுகே அதை வாங்கிக்கொள்ளும். பின் இருக்கையில் இருப்பவர் என் அம்மா.

ஆகவே பழைய அளவிலேயே நின்றேன்: 225/45 ஆர்17 91டபிள்யூ. அகலம் 225 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு. 17 அங்குலச் சக்கரம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ சுமக்கும். டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும். "அந்த வேகத்தில் யார் போகப்போகிறார்கள்? குறைந்த எழுத்துள்ளது மலிவாகக் கிடைக்குமே" என்றேன். "எழுத்து வேகத்துக்கு மட்டும் அன்று, தம்பி. சூட்டையும் சுமையையும் வளைவையும் தாங்கும் கட்டுமானத்துக்கும் அதுதான் சாட்சி. வண்டி செய்தவர் கேட்டதற்குக் கீழே இறங்காதீர்கள்" என்றார்.

இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. காற்று முழுதும் இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் வகையே இதற்கு உரியது. விலை அதிகம், சற்று முரடாகவும் ஓடும். இருந்தும் இரவில் நெடுஞ்சாலையோரம் அம்மாவை நிறுத்திவைக்கும் நிலை வேண்டாம் என்று அதையே தேர்ந்தேன். ஒரே வகையில், ஈரத்தில் நல்ல பிடிமானம் உள்ளவையாக நான்கு. இரண்டு மட்டும் மாற்றுவதானால் புதியவற்றைப் பின்சக்கரங்களில் பூட்டவேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். பின்பக்கம் முதலில் பிடி விட்டால் வண்டி சுழன்றுவிடும். அதை மீட்பது அரிது. அலாய் சக்கரங்களுக்கென்று சேர்த்த பணம் முழுதும் அதற்கே சென்றது. அண்ணனிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "அம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று மட்டுமே கேட்டார். காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது என் சனிக்கிழமை ஒழுங்கு மாறியிருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, வண்டி ஓடிச் சூடேறுமுன், காற்றழுத்தத்தை அளக்கிறேன். சரியான அளவு ஓட்டுநர் கதவருகே உள்ள தூணில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கத்தில் பதிந்திருப்பது உச்ச வரம்பு மட்டுமே. ஆள் நிறைந்து செல்லும் நாளில் அழுத்தம் சற்றுக் கூடவேண்டும் என்பதும் அதே அட்டவணையில் உண்டு. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அலைன்மென்ட். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடத் தகாதது. மழைக்காலத்தை எண்ணி நான் அதுவரை காத்திருப்பதில்லை. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதையும் மாற்றுகிறேன். இவற்றில் ஒன்றும் படத்தில் தெரியாது. பளபளப்புத் தைலப் புட்டி மட்டும் அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கிறது.

அன்பானவர்களே, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பிறர் காணும் பக்கத்தில் துலக்குவது எளிது. அதில் மகிழ்ச்சியும் உண்டு. தேய்மானமோ நாம் குனிந்து பார்க்காத பக்கத்தில், ஓசையின்றி நடக்கிறது. அதன் விலையைச் செலுத்த நேர்பவர்களும் பெரும்பாலும் நம்மை நம்பிப் பின்னால் அமர்ந்திருப்பவர்களே. இந்த வாரம் உங்கள் வண்டி எதுவானாலும், ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பிவிட்டு இறங்கி, அந்த உட்புற விளிம்பை ஒருமுறை பாருங்கள்.

சென்ற மாதம் மீண்டும் மழையில் திண்டிவனம் சென்றோம். மதுராந்தகம் வந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் கைகள் மடியில் இருந்தன.