ஸ்போக் தட்டிப் பார்த்த காதுக்கு நன்றி

அன்புள்ள சைக்கிள் கடை அண்ணைக்கு,

நேரில் நன்றி சொல்ல வந்தால், "உது ஒரு வேலையோ தம்பி, உந்தப் பம்மை எடு" என்று கதையை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் போய்வருகிறவர்கள் யாரென்று ஊகித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

வவுனியாவில் ஒரு பழைய இரும்புக் கடையில், நசுங்கிய அலுமினியச் சட்டிகளுக்கு நடுவே கிடந்த அந்தப் பெட்டியைக் கடைக்காரர் பாஞ்சோ என்றுதான் விற்றார். பைலாப் பாட்டுக்கு வாசிக்கிற, தோல் போர்த்த வட்டமுகப் பாஞ்சோ வேறு. இது புல்புல்தாரா, இந்தியாவிலும் இதைப் பாஞ்சோ என்பவர்கள் உண்டு. 1912இல் ஜப்பானின் நகோயா நகரில் மொரிட்டா கோரோ என்பவர், தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்து அதன் விசைகளைத் தந்திக் கருவியொன்றின் மேல் ஏற்றினார். அந்தத் தைஷோகோட்டோ இந்தியாவுக்கு வந்து புல்புல்தாராவானது. பலூச்சிஸ்தானில் பெரிதாகி, கச்சேரி வாத்தியமாகவே நிற்கிறது. இடக்கை விசையை அமுக்க, அதன் கீழுள்ள தகடு தந்தியைக் கட்டையில் அழுத்தும், வலக்கை மீட்டும். சுரத்தைத் தேடி விரல் அலையத் தேவையில்லை. என்னைப்போல சங்கீதம் படிக்காதவனுக்கு ஏற்ற சாமான்.

என்னிடம் வந்தபோது அடிப்பலகை பிளந்திருந்தது. விசைகளில் பாதி இறுகிப்போயிருந்தன. தந்தி ஒன்றுகூட இல்லை. பலகையை ஒட்டி, துருவை உரசி, உக்கின சுருள்களுக்குப் பதிலாக எழுதி முடிந்த பேனைகளின் ஸ்பிறிங்கை வெட்டிப் போட்டேன். அதுவரைக்கும் என் கெட்டித்தனம். அதற்குப் பிறகு உங்களுடையது.

பிறேக் வயர் ஒன்று வாங்கத்தான் வந்தேன். எதற்கென்று கேட்டீர்கள், பெட்டியைக் காட்டினேன். வாங்கின் மேலிருந்த சாமான்களை ஒதுக்கிவிட்டு, அதை ஒரு முழுச் சில்லைப் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தீர்கள். வயரின் முறுக்கைப் பிரித்து ஓர் இழையை எடுத்து, ஒரு நுனியை வைஸில் கடிக்கவிட்டு, மறுநுனியில் செங்கல்லைத் தொங்கவிட்டு, "நாளைக்கு வா, கோணல் எடுபடட்டும்" என்றீர்கள். கோணல் இழையில் சுரம் நேராக நிற்காது என்பது எனக்குப் பிறகு வாசித்துத்தான் தெரியும்.

அடுத்த நாள் நீங்கள் செய்ததை எந்த வாத்தியக் கடையிலும் நான் பார்த்ததில்லை. அடிச்சட்டத்திலிருந்து மேல் ஷட்ஜத்தின் கட்டை வரைக்கும் ஓர் உடைந்த ஸ்போக்கை அளந்து வெட்டினீர்கள். அதே ஸ்போக்கை அங்கிருந்து மறுபக்கம் நீட்டி, அது முடிகிற இடத்தில் பாலத்தை வைத்தீர்கள். தந்தி சரிபாதியாகும் இடத்தில்தான் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும்; பாலம் பிசகினால் எல்லா விசையும் பிசகும். பிறகு பாலத்தை ஒரு மயிரளவு பின்னுக்குத் தள்ளினீர்கள். ஏனென்று கேட்டதற்கு, "அமத்தேக்க வயர் இன்னும் இழுபடுமெல்லே" என்றீர்கள். ஒரு புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கம் செலவழித்திருக்கிறார்கள்.

ச, ப எல்லாம் உங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. "ரெண்டும் ஒண்டாக் கேக்கோணும், அவ்வளவுதானே?" சில்லுக் கோணல் எடுக்கும்போது ஸ்போக்குகளைச் சுண்டிச் சுண்டி, எது இளகல், எது இறுக்கம் என்று காதாலே பிடிக்கிறவர் நீங்கள். இரண்டு தந்தி கிட்டத்தட்ட ஒத்திருக்கும்போது ஒலி அலைந்து அலைந்து வரும். அந்த அலைவு நிற்கும் வரைக்கும் திருகினீர்கள். நான் இன்னும் ஏற்றச் சொன்னபோது மறுத்தீர்கள். சுரத்தை ஒரு ஸ்தாயி ஏற்றுவதற்குத் தந்தியை நான்கு மடங்கு இழுக்க வேண்டும். ஒட்டுப்போட்ட பலகை அரைவாசி தூரம்கூடத் தாங்காது. அதனால் என் பாஞ்சோ தாழ்ந்த சுருதியில்தான் பாடுகிறது.

இந்தக் கை எங்கே படித்தது என்று கேட்டேன். "தடைக் காலத்தில" என்று ஒற்றைச் சொல்லில் முடித்தீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பற்றரி வராது. சைக்கிளை நிமிர்த்தி வைத்து, பெடலை மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டது எங்கள் சனம். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. 2002இல் ஏ9 பாதை திறக்கும் வரைக்கும் ஊரை உருட்டியது சைக்கிள் கடைகள்தான் என்பேன். மறுக்கிறவர்கள் அந்தக் காலத்தில் நடந்து பார்த்திருக்கட்டும். அந்தத் தட்டுப்பாட்டை நான் புகழமாட்டேன். அது கொடுமை. ஆனால் அதற்குள்ளிருந்து வந்த கைவேலைக்கு இன்றைக்கு ஒரு சான்றிதழும் இல்லை என்பது எனக்கு உறைக்கிறது.

குறை ஒன்றும் சொல்லவேண்டும். பிறேக் வயர் இழை சுதித் தந்திக்குச் சரி. பாட்டுத் தந்திக்குக் கொஞ்சம் கரகரப்பு. அதில் இப்போது கிற்றாரின் முதலாம் தந்தியைப் போட்டிருக்கிறேன். கோபிக்கவேண்டாம். நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே" ஓரளவு வருகிறது; பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியால் எட்டிப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு.

இனி ஒரு விண்ணப்பம். எங்கள் பஜனை மடத்து ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்து, காற்று நிற்காமல் மூலையில் கிடக்கிறது. ரியூப்புக்குப் பட்டி ஒட்டுகிற உங்களுக்கு அது பெரிய காரியமாக இருக்காது. வெள்ளிக்கிழமை பின்னேரம் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவரட்டுமா?

இப்படிக்கு,
பாஞ்சோ தம்பி