வேரா என்னும் பெயர்

பெற்றோர் தம் குழந்தைக்கு அளிக்கும் முதற்கொடை பெயராகும். பொன்னும் பொருளும் இல்லாத வீட்டிலும் அக்கொடைக்குக் குறைவில்லை. தாம் எதனை உயர்ந்தது எனக் கருதுகின்றனரோ அதனையே பெரும்பாலும் மக்கள் தம் மகவுக்குப் பெயராகச் சூட்டுவர். ஆயினும் பெயரின் பொருள் பிறந்த அன்றே குழந்தையிடம் வந்து சேர்ந்துவிடுவதில்லை. அதனை வாழ்நாளில் அவரவரே ஈட்டிக்கொள்ள வேண்டும்.

கிழக்கு ஐரோப்பாவில் வாழும் ஸ்லாவிய இனத்தாரிடையே பெண்மக்களுக்கு 'வேரா' என்று பெயரிடும் வழக்கம் பரவலாக உண்டு. ருஷ்ய மொழியிலும் செர்பிய மொழியிலும் அச்சொல்லுக்கு நம்பிக்கை என்பது பொருள். செக் மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் சொல் 'வீரா' எனச் சற்றே திரிந்து வழங்கினும், பெண்பெயர் 'வேரா' என்றே நிலைத்துள்ளது. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் பெயர்களைத் தாங்கிய மூன்று சகோதரிகள் தம் சமயத்திற்காக உயிர்நீத்தனர் என்பது கிறித்தவ மரபில் வழங்கும் பழங்கதை. அவர்களுள் மூத்தவளின் பெயரே ருஷ்ய நாட்டில் வேரா என வழங்குகிறது.

இப்பெயர் தாங்கிய நால்வர் விளையாட்டு உலகில் புகழ்பெற்றனர். ஒருவர் ருஷ்ய நாட்டவர், ஒருவர் செர்பியர், இருவர் செக் இனத்தவர். நால்வரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் களத்தில் நின்றவர்கள். எனினும் நம்பிக்கை என்னும் சொல் அந்நால்வருக்கும் நான்கு வேறு சோதனைகளாக வந்தது.

முதலாமவர் வேரா கிரெப்கினா. இவர் 1933-ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டின் கோத்தெல்னிச் என்னும் ஊரிற் பிறந்தார். இவர் முதலில் விரைவோட்டத்திலேயே பெயர் பெற்றவர். 1952-இல் ஹெல்சிங்கியில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் சோவியத் நாடு முதன்முறையாகக் கலந்துகொண்டது. பத்தொன்பது வயதே நிரம்பிய வேரா அந்நாட்டின் நால்வர் தொடரோட்ட அணியில் இடம்பெற்றார். அணி நான்காவதாக வந்தது. பதக்கம் மூவர்க்கே உரியது. நான்காம் இடத்திற்கு ஒன்றும் இல்லை. 1956-இல் மெல்பர்ன் நகரிலும் அவர் அணிக்கு அதே நான்காம் இடந்தான் கிடைத்தது. வெற்றியின் வாயிலருகே இருமுறை சென்று, இருமுறையும் வெளியே நின்றவர் அவர்.

ஆயினும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. 1958-இல் கீவ் நகரில் நூறு மீட்டர் தூரத்தை 11.3 விநாடியில் ஓடி, அப்போதிருந்த உலகச் சாதனையைச் சமன் செய்தார். விரைவோட்டத்தோடு நீளத் தாண்டலிலும் பழகினார். நீளத் தாண்டலுக்கு மூலதனம் ஓட்டமே. ஓடிவரும் வேகத்தைச் சிதறவிடாமல், பலகையின்மேல் ஒரு காலை ஊன்றி, அவ்வேகத்தையே தாண்டும் தூரமாக மாற்றுவதே அக்கலையின் நுட்பம்.

1960-இல் ரோமாபுரியில் நீளத் தாண்டற்போட்டி நடந்தது. முந்திய ஒலிம்பிக்கில் வென்ற போலந்து நாட்டு எல்ஜ்பியெட்டா கிரெஸிஞ்ஸ்கா அங்கே வந்திருந்தார். அதே ஆகஸ்டு மாதத்தில் 6.40 மீட்டர் தாண்டி உலகச் சாதனை நிறுவியிருந்த ஜெர்மானிய வீராங்கனை ஹில்ட்ரூன் கிளாஸும் வந்திருந்தார். வெல்லக்கூடியவர் என்று கிரெப்கினாவைக் குறிப்பிட்டோர் அரியர். ஆனால் அன்று அவர் தாண்டிய தூரம் 6.37 மீட்டர். அது புதிய ஒலிம்பிக் சாதனையாயிற்று. கிரெஸிஞ்ஸ்கா 6.27 மீட்டருடன் இரண்டாவதாகவும், கிளாஸ் 6.21 மீட்டருடன் மூன்றாவதாகவும் வந்தனர். சில நாள் கழித்து நடந்த தொடரோட்டத்தில் கிரெப்கினாவின் அணி மூன்றாம் முறையாக நான்காம் இடத்தையே பெற்றது. ஒரு கதவு இறுதிவரை திறக்கவில்லை; ஆனால் அக்கதவின்முன் நின்ற ஆண்டுகளிற் சேர்த்த வேகமே மற்றொரு கதவைத் திறந்தது.

இரண்டாமவர் வேரா சுக்கோவா. 1931-இல் செக்கோஸ்லவாகியாவில் பிறந்த இவர் டென்னிஸ் விளையாட்டில் தேர்ந்தவர். 1957-இல் பிரெஞ்சுப் போட்டியில் யீரி யாவோர்ஸ்கி என்பவரோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். 1962-இல் தம் முப்பத்தொன்றாம் வயதில் அவர் விம்பிள்டனுக்குச் சென்றபோது, போட்டியை நடத்துவோர் வகுத்திருந்த முன்னணி வீராங்கனையர் வரிசையில் அவர் பெயர் இல்லை. அவ்வரிசையில் இல்லாதவர் முதற்சில சுற்றுகளிலேயே வெளியேறிவிடுவார் என்பதே பொதுவான எண்ணம்.

சுக்கோவா அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கினார். முந்திய ஆண்டில் விம்பிள்டன் பட்டம் வென்ற ஏஞ்செலா மார்ட்டிமரை வென்றார். அமெரிக்கப் பட்டத்தை இருமுறை பெற்றிருந்த டார்லீன் ஹார்டை வென்றார். விம்பிள்டனில் முன்பு இருமுறை வாகை சூடிய பிரேசில் நாட்டு மரியா பூயனோவையும் வென்றார். இறுதியாட்டத்தில் மட்டும் கேரன் சஸ்மனிடம் 6–4, 6–4 என்னும் கணக்கில் தோற்றார். ஒற்றையர் ஆட்டத்தில் அதன்பின் அத்தகைய வாய்ப்பு அவர்க்கு வாய்க்கவில்லை.

களத்தைவிட்டு நீங்கிய சுக்கோவா பயிற்சியாளராக நாட்டு இளம்பெண்களுக்கு ஆட்டம் கற்பித்தார். தம் மகள் ஹெலெனாவும் மகன் சிரிலும் மட்டையைக் கையிலெடுத்ததையும் கண்டார். ஆனால் அவர்கள் அடைந்த பெருவெற்றிகளைக் காண அவர்க்குக் கொடுத்துவைக்கவில்லை. 1982-இல் தம் ஐம்பதாம் வயதில் நோயுற்று மறைந்தார். பின்னர் ஹெலெனா விம்பிள்டனில் மகளிர் இரட்டையர் பட்டத்தை நான்கு முறை வென்றார். 1996-இலும் 1997-இலும் அக்காளும் தம்பியும் ஓரணியாக நின்று விம்பிள்டனின் கலப்பு இரட்டையர் பட்டத்தைப் பெற்றனர். தாய்க்குக் கைகூடாத வாகை, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, அதே விம்பிள்டனில் அவர் மக்களுக்குக் கிடைத்தது. விதைத்தவரே அறுவடையைக் காண வேண்டும் என்னும் நியதி இல்லை; அதனால் விதைப்பு வீணாவதும் இல்லை.

மூன்றாமவர் வேரா நிக்கோலிச். இவருடைய வரலாறு சற்றுத் துயரம் வாய்ந்தது. அக்காலத்து யூகோஸ்லாவியாவிலே செர்பிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1948-இல் பிறந்த இவர் 800 மீட்டர் ஓட்டத்தில் வல்லவர். அவ்வோட்டம் மகளிர்க்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட ஒன்றாகும். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அது நடத்தப்பட்டது. பெண்கள் உடல் அதனைத் தாங்காது என்று கூறிப் பின்னர் நீக்கிவிட்டனர். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1960-இல்தான் அது மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

நிக்கோலிச் 1966-இல் புடாபெஸ்ட் நகரில் ஐரோப்பிய வாகை சூடியபோது அவருக்கு வயது பதினேழு. 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லண்டனில் 800 மீட்டரை 2 நிமிடம் 0.5 விநாடியில் ஓடி உலகச் சாதனை நிறுவினார். அவ்வாண்டு அக்டோபரில் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் நடக்கவிருந்தது. பொற்பதக்கம் தனக்கே என்று நாடு முழுவதும் எண்ணியது. பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியின் தோள்மீது ஒரு நாட்டின் ஆசை முழுவதும் ஏற்றப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் காற்றின் செறிவு குறைவு. நீண்ட ஓட்டம் அங்கே கடினமானது. அரையிறுதி ஓட்டத்தில், எல்லையை எட்டுமுன்னரே, நிக்கோலிச் ஓட்டத்தைக் கைவிட்டுக் களத்தினின்று வெளியேறினார். அமெரிக்க வீராங்கனை மேடலின் மேனிங் 2 நிமிடம் 0.9 விநாடியில் ஓடிப் பொன் வென்றார். நிக்கோலிச் மூன்று திங்களுக்குமுன் ஓடிய நேரத்தைவிட அது சற்றுக் கூடுதலே.

பிறர் ஒருவர்மீது வைக்கும் நம்பிக்கை அவர்க்குச் சிறகாவதும் உண்டு, சுமையாவதும் உண்டு. நீ வெல்வாய் என்று ஊக்குவது வேறு. நீ வென்றே தீரவேண்டும் என்று நெருக்குவது வேறு. முன்னது அன்பு, பின்னது கடன்கேட்பதை ஒத்தது. அவ்வேறுபாட்டை ஒரு நாடு உணராதபோது அதன் விலையைச் செலுத்துவது ஓர் இளம்பெண்ணாக இருக்கிறாள்.

நிக்கோலிச் அத்தோடு ஒடுங்கிப் போகவில்லை. 1969-இல் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம் பெற்றார். 1971-இல் ஹெல்சிங்கியில் மீண்டும் ஐரோப்பிய வாகை சூடினார். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக் இறுதியோட்டத்தில், தம் பழைய உலகச் சாதனையைவிடவும் விரைவாக ஓடி இரண்டு நிமிடத்திற்குள் எல்லையைத் தொட்டார். அன்று அவர்க்குக் கிடைத்தது ஐந்தாம் இடமே. ஆனால் நான்கு ஆண்டுகளுக்குமுன் முடிக்காது விட்ட ஒலிம்பிக் ஓட்டத்தை அவர் முடித்துவிட்டார். பதக்கப் பட்டியலில் அதற்கு இடமில்லை. 2021-இல் அவர் மறைந்தார்.

நான்காமவர் வேரா சாஸ்லாவ்ஸ்கா. 1942-இல் பிராகா நகரிற் பிறந்த இவர் சீருடற்பயிற்சியில் ஈடிணையற்றவர். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று பொற்பதக்கங்கள் பெற்றார். 1965-இலும் 1967-இலும் நடந்த ஐரோப்பியப் போட்டிகளில், தனியார்க்குரிய ஐந்து பொற்பதக்கங்களையும் இருமுறையும் தாம் ஒருவரே வென்றார்.

1968-ஆம் ஆண்டு செக்கோஸ்லவாகியாவில் அரசியல் மாறுதல்கள் தோன்றின. அலெக்சாண்டர் டூப்செக் என்னும் தலைவர், பேச்சுரிமையையும் எழுத்துரிமையையும் மக்களுக்கு ஓரளவு வழங்கினார். அம்மாறுதல்கள் தளராது தொடர வேண்டும் என்று வற்புறுத்தி, அவ்வாண்டு ஜூன் திங்களில் 'இரண்டாயிரம் சொற்கள்' என்னும் அறிக்கை வெளிவந்தது. அதிற் கையொப்பமிட்டோருள் சாஸ்லாவ்ஸ்காவும் ஒருவர். ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள் நள்ளிரவில் சோவியத் நாட்டின் படைகளும் அதன் நேசநாட்டுப் படைகளும் எல்லையைக் கடந்து உட்புகுந்தன. கையொப்பமிட்டோர்க்கு ஆபத்து நேரலாம் என்ற அச்சம் எழுந்தது. ஒலிம்பிக் தொடங்க இரண்டு திங்கள்கூட இல்லாத நிலையில், அவர் யெசெனீக்கி மலைப்பகுதிக்குச் சென்று மறைந்து வாழ்ந்தார்.

அங்கே பயிற்சிக்கூடம் இல்லை, கருவிகளும் இல்லை. மரக்கிளைகளிலே தொங்கி ஊசலாடினார். வீழ்ந்து கிடந்த மரத்தின்மேல் நடந்து உடற்சமநிலை பழகினார். உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கி உரமேற்றினார். இறுதியில் மெக்சிகோ செல்ல அவருக்கு அனுமதி கிடைத்தது. அங்கே நான்கு பொன்னும் இரண்டு வெள்ளியும் வென்றார். தரைப் பயிற்சிக்கு மெக்சிகோ மக்களின் நாட்டுப்புற நடன இசையையே அவர் தெரிந்தெடுத்ததால், கூடியிருந்தோர் அவரைத் தம் மகளெனவே போற்றினர்.

அத்தரைப் பயிற்சியில் சோவியத் வீராங்கனை லரிசா பெத்ரிக்கும் அவரும் சமமான மதிப்பெண் பெற்றதாக அறிவிக்கப்பட்டு, இருவர்க்கும் பொன் வழங்கப்பட்டது. வெற்றிமேடையில் இருவரும் நின்றனர். சோவியத் நாட்டுப்பண் ஒலித்தபோது சாஸ்லாவ்ஸ்கா தலையைத் தாழ்த்தி முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டார். ஒரு சொல்லும் உரைக்கவில்லை. சமநிலைக் கட்டைப் பயிற்சியில் வெள்ளி பெற்று நின்றபோதும் அவ்வாறே செய்தார். அருகில் நின்ற பெண்மீது அவர்க்குப் பகையில்லை. தம் நாட்டின் வீதிகளில் நின்ற படைவண்டிகளையே அவர் உள்ளம் நினைந்தது. தாயகம் திரும்பியதும் தம் நான்கு பொற்பதக்கங்களையும், சீர்திருத்தத்தை முன்னின்று நடத்திய தலைவர் நால்வர்க்கு வழங்கினார்.

பின்னர் வந்த ஆட்சியினர், அறிக்கையில் இட்ட கையொப்பத்தைத் திரும்பப் பெறுமாறு அவரை வற்புறுத்தினர். அவர் இணங்கவில்லை. அதனால் தம் துறையிற் பணியாற்றும் உரிமையும் வெளிநாடு செல்லும் உரிமையும் அவருக்குப் பல்லாண்டு மறுக்கப்பட்டன. உலகம் போற்றிய ஏழு பொற்பதக்க வீராங்கனை, சொந்த ஊரில் புறக்கணிக்கப்பட்டவராய் வாழ்ந்தார். ஒரு சொல் மாற்றிக் கூறியிருந்தால் வசதிகள் வந்திருக்கும். அந்த ஒரு சொல்லை அவர் கூறவில்லை. 1989-ஆம் ஆண்டு நவம்பரில் ஆட்சி மாறியது. வாக்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவரானதும் சாஸ்லாவ்ஸ்காவைத் தம் ஆலோசகருள் ஒருவராக்கிக் கொண்டார். நாட்டின் ஒலிம்பிக் குழுவுக்கும் அவர் தலைவரானார். 2016-இல் எழுபத்து நான்காம் வயதில் அவர் மறைந்தபோது, அவர் மலையில் மறைந்திருந்த நாட்களையும் மக்கள் மறவாது பேசினர்.

இந்நால்வரின் வாழ்வையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நம்பிக்கை என்பது வெற்றி வரும் என்னும் எதிர்பார்ப்பு மட்டும் அன்று. அது மட்டுமே ஆயின், தோல்வி வந்த அன்றே நம்பிக்கையும் மடிந்திருக்கும். கிரெப்கினா, பயன் தெரியாத ஆண்டுகளிலும் தம் உழைப்பை நம்பினார். சுக்கோவா, தமக்குப்பின் வருவோரை நம்பினார். நிக்கோலிச், நாடே ஏமாற்றமுற்ற பொழுதிலும் தம்மைத் தாமே மீண்டும் நம்பினார். சாஸ்லாவ்ஸ்கா, தாம் எழுதிய ஒரு கையொப்பம் பதக்கங்களினும் பெரிது என நம்பினார்.

அவர்களைப் பெற்றோர் தம் மகளிர்க்கு ஒரு சொல்லைப் பெயராக இட்டனர். அச்சொல்லுக்கு உரிய பொருளை மகளிர் நால்வரும் தம் வாழ்வினால் எழுதினர்.