வாஷிங் மெஷின் சுமப்பது யாருடைய பாரத்தை?

 

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாருக்கான வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்றும் அன்னையவர்கள் விடையளித்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதையும், தம் ஆடையைத் தாமே சீர்செய்துகொண்டதையும் வேறு அறிவிப்புகளில் காண்கிறோம்.

இப்பாடத்தை நடத்தும்போது மத்ரஸா மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "நம் காலத்து வீடுகளில் அந்தச் செருப்பின் இடத்தில் இருப்பது எது?" மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒரு பொருளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அது சலவை இயந்திரம்.

சத்தம் சொல்லும் செய்தி

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் உள்ளது. எங்கள் வீட்டு இயந்திரம் 7 கிலோ கொள்ளளவு உடையது. முன்பக்கம் கதவு, பின்பக்கம் பெல்ட், அடியில் மோட்டார் என்ற வழக்கமான அமைப்பு. வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு திங்கட்கிழமை, துணி பிழியும் சுற்றின்போது, தொலைவில் ரயில் வருவதைப் போன்ற ஓர் இரைச்சல் அதிலிருந்து எழுந்தது. துவைக்கும்போது சத்தமில்லை. வேகமாகச் சுழலும்போது மட்டும் இரைந்தது.

இத்தகைய இரைச்சலின் காரணத்தை அறியச் சில எளிய சோதனைகள் உண்டு. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கதவைத் திறந்து, உள்ளிருக்கும் எஃகு டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். வெளித்தொட்டியும் சேர்ந்து அசைந்தால் அது இயல்பு. டிரம் மட்டும் தனியே 'லொடக் லொடக்' என்று ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. அடுத்து டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். மணலில் உருள்வது போன்ற கரகரப்பு கேட்டால் ஐயமே இல்லை. இறுதியாகப் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, தொட்டியின் நடுவிலிருந்து பழுப்பு நிறக் கோடுகள் வழிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது துரு கலந்த நீர். எங்கள் இயந்திரத்தில் மூன்றும் இருந்தன.

பெண்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கே விடை சொல்லிவிடுகிறேன். இப்படிப் பழுதான இயந்திரத்தில் துவைத்த வெள்ளைத் துணிகளில் துருக்கறையோ கிரீஸ் கறையோ படிவதுண்டு. அது பார்வைக்கு நன்றாயில்லையே தவிர நஜீஸ் அல்ல. அந்த ஆடையுடன் தொழுவதற்குத் தடையில்லை.

பழுது எங்கிருந்து தொடங்குகிறது?

முன்பக்கக் கதவுள்ள இயந்திரத்தில் டிரம்முக்கு முன்னால் எந்தத் தாங்கலும் கிடையாது. பின்னால் உள்ள ஒரே ஷாஃப்ட்தான் ஈரத்துணியின் முழு எடையையும் தாங்குகிறது. அந்த ஷாஃப்ட்டை இரண்டு பேரிங்குகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. டிரம்மின் விட்டம் 48 செ.மீ. என்றும், வேகம் நிமிடத்திற்கு 1000 சுற்று என்றும் வைத்துக் கணக்கிட்டால், சுவரோடு ஒட்டிய துணியின் மீது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு விசை செயல்படுகிறது. ஒரு கனமான போர்வை ஒரே பக்கம் சுருண்டுகொண்டால் அந்தச் சமனின்மை முழுவதும் பேரிங்கின் மீதே இறங்குகிறது.

ஆயினும் பேரிங் பெரும்பாலும் எடையால் மட்டும் கெடுவதில்லை. தொட்டியின் நீருக்கும் பேரிங்குக்கும் இடையே ஆயில் சீல் எனப்படும் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதன் மெல்லிய உதடு ஷாஃப்ட்டைத் தழுவிக்கொண்டு நீரைத் தடுக்கிறது. உப்புநீரின் படிவும், நுண்மணலும், ஆண்டுக்கணக்கான உராய்வும் அந்த உதட்டைத் தேய்த்துவிட்டால் நீர் சொட்டுச் சொட்டாகப் பேரிங்கினுள் நுழைகிறது. கிரீஸ் கரைகிறது, குண்டுகள் துருப்பிடிக்கின்றன. நம் காதில் விழும் இரைச்சல் பேரிங்கினுடையது. ஆனால் முதலில் தோற்றது சீல். ஆகவே சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே இரைச்சல் திரும்பிவிடும்.

நான்கு நாட்கள்

வந்து பார்த்த பணியாளர் உண்மையைத்தான் சொன்னார். முழுத் தொட்டியையும் மாற்றுவதுதான் தங்கள் நிறுவனத்தின் வழக்கம் என்றும், அதற்கு ஆகும் செலவில் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிய இயந்திரமே வாங்கிவிடலாம் என்றும் கூறினார். மத்ரஸா ஆசிரியர் ஒருவரின் ஊதியத்தில் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு பெரியது என்பதை இதைப் படிப்போரில் பலர் அறிவார்கள். நானும், இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரும் சேர்ந்து பழுதுபார்ப்பது என்று முடிவு செய்தோம். உதிரிப் பாகங்கள் மதுரையிலிருந்து பார்சலில் வரவேண்டியிருந்தது. அதுவரை இயந்திரத்தை இயக்கவில்லை. கெட்ட பேரிங்குடன் ஓட்டினால் ஷாஃப்ட்டும் தேய்ந்து, பழுது பன்மடங்காகும்.

என் உம்மா இரண்டு ஆண்டுகளாகப் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று விரிப்புகள் மாற்ற வேண்டியிருக்கும். இயந்திரம் ஓடிய நாட்களில், என் மனைவி நஜீஸை நீரூற்றி நீக்கிவிட்டு விரிப்பை அதனுள் போட்டுவிடுவார். அந்த நான்கு நாட்களும் முழு வேலையும் கல்லுக்கும் கைக்கும் வந்தது. நனைந்த விரிப்பைப் பிழிவது மணிக்கட்டை முறிக்கும் வேலை. மூன்றாம் நாள் அவரது வலது கையில் சோற்றுக் கரண்டி நிற்கவில்லை.

அன்று இரவு மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மாமி ரெண்டு நாளா சரியாத் தண்ணி குடிக்கல. டம்ளரை வாங்கி வாயை நனைச்சிட்டுத் திருப்பிக் கொடுத்துடுறாங்க."

நான் உம்மாவிடம் சென்று கேட்டேன். முதலில் தாகமில்லை என்றார்கள். மீண்டும் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்கள்: "அந்தப் புள்ளைக்குக் கை வீங்கிக் கெடக்கு வாப்பா. நானும் எதுக்கு வேலை வைக்கணும்?"

ஒரு சிறிய ரப்பர் வளையம் தேய்ந்ததன் பாரம் இயந்திரத்திலிருந்து மருமகளின் கைக்கு இறங்கி, அங்கிருந்து நோயாளியின் தண்ணீர் டம்ளருக்குப் போயிருந்தது. மனைவி டம்ளரை நிறைத்துக் கொண்டுவந்தார். "நீங்க குடிக்காம கெடந்து காய்ச்சல் வந்தா எனக்குத்தான் மாமி இன்னும் வேலை" என்று சொல்லி, அது காலியாகும்வரை கட்டிலருகே நின்றார்.

வீட்டுக் கருவிகளை நாம் வசதி என்று அழைக்கிறோம். அவை ஒருவருடைய பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கின்றன என்பது அவை நிற்கும்போதுதான் தெரிகிறது. அந்தப் பாரம் பெரும்பாலும் வீட்டில் வாய் திறந்து கேட்காதவர் மீதே போய் விழுகிறது.

பிரித்தலும் பூட்டுதலும்

பாகங்கள் வியாழன் மாலை வந்தன. வெள்ளிக்கிழமை மத்ரஸா விடுமுறை. ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் தொடங்கினோம்.

பாகங்கள் வாங்குவோருக்கு ஒரு கணக்கு. பேரிங்கின் மீது 6205, 6206 என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 05 என்றால் 25, 06 என்றால் 30. இந்த முறை 04 முதல் பொருந்தும். ஆகவே மாடலின் பெயரைச் சொல்லி வாங்குவதைவிடப் பழைய பேரிங்கின் எண்ணைச் சொல்லி வாங்குவது உறுதியானது. எண்ணுக்குப் பின்னுள்ள எழுத்துகள் மூடியின் வகையைக் குறிக்கும். நாங்கள் இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதை வாங்கினோம். அது ஈரத்தை நன்கு தடுக்கும். இரண்டு பேரிங்குக்கும் சீலுக்குமாக ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

தொடங்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில இயந்திரங்களின் தொட்டி இரு பாதிகளாகத் திருகாணிகளால் இணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டியிருந்தால் அது வீட்டில் செய்யும் வேலையல்ல. எங்களுடையது திருகாணி இணைப்பு.

என் மகன் ஒவ்வொரு வயரையும் கழற்றுமுன் அலைபேசியில் படமெடுத்தான். தொட்டியோடு பிணைந்திருக்கும் கான்கிரீட் எடைகள் மிகக் கனமானவை. அவற்றை இருவர் சேர்ந்தே இறக்க வேண்டும். பெல்ட், மோட்டார், ஹோஸ்கள், ஷாக் அப்சார்பர்கள் என்று வரிசையாகக் கழற்றி, தொட்டியை வெளியே எடுத்துப் பிரித்தோம். ஷாஃப்ட்டை நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் மரை சிதைந்துவிடும். அதன் போல்ட்டைப் பாதி திருகிவிட்டு, மேலே மரக்கட்டை வைத்துத் தட்ட வேண்டும்.

பழைய பேரிங்குகளை ஒரே பக்கமாக அடிக்காமல் எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றித் தட்டி இறக்கினார் மைத்துனர். புதிய பேரிங்குகளை முன்னிரவே ஃப்ரீசரில் வைத்திருந்தோம். குளிரில் அவை மயிரிழையளவு சுருங்குவதால் இருக்கையில் எளிதாக அமரும். அவற்றை உள்ளே இறக்கும்போது வெளி வளையத்தை மட்டுமே தட்ட வேண்டும். உள் வளையத்தில் விழும் அடி குண்டுகளின் பாதையில் தழும்பை ஏற்படுத்திவிடும். "தட்டும்போது சத்தத்தைக் கேளுங்க மச்சான், அடியில உக்காந்தா சத்தம் மாறும்" என்றார் அவர். அப்படியே கணீரென்று மாறியது.

சீலின் உதடு நீர் உள்ள பக்கத்தை, அதாவது டிரம்மைப் பார்த்திருக்க வேண்டும். அதில் நீரில் கரையாத கிரீஸைத் தடவினோம். சீல் உராயும் இடத்தில் ஷாஃப்ட் வழவழப்பாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பது மிக முக்கியம். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் கசியும். அல்ஹம்துலில்லாஹ், எங்களுடையது நன்றாக இருந்தது.

மோட்டார்

ஜும்ஆவுக்குப் பிறகு மோட்டாரைக் கவனித்தோம். பெல்ட்டால் சுழற்றும் இவ்வகை மோட்டார்களில் இரண்டு கார்பன் பிரஷ்கள் இருக்கும். அவை பென்சில் முனை போல் தேய்ந்துகொண்டே மின்சாரத்தைச் சுழலும் பகுதிக்குக் கடத்துகின்றன. தேய்ந்து குட்டையானால் பொறி பறக்கும், கருகல் வாடை வரும், டிரம் இடையிடையே நின்றுபோகும். எங்கள் பிரஷ்கள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தன. இரண்டையும் ஒருசேர மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. கரித்தூளை உலர்ந்த தூரிகையால் துடைத்தோம். அங்கே எண்ணெய் விடுவது கேடு. மோட்டாரின் சொந்த பேரிங்குகள் கையால் சுற்றியபோது சத்தமின்றி ஓடியதால் அவற்றைத் தொடவில்லை. இன்வெர்ட்டர் வகை மோட்டார்களில் இந்தப் பிரஷ்களே கிடையாது என்பதையும் நினைவில் கொள்க.

அஸர் வேளையில் துணியின்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். கசிவில்லை. பிழியும் சுற்றில் காற்றின் ஓசை மட்டுமே கேட்டது. முதல் துவைப்பாக உம்மாவின் விரிப்புகளைப் போட்டோம்.

எல்லை அறிதல்

எல்லாவற்றையும் நாமே செய்துவிட வேண்டும் என்பது என் கருத்தல்ல. மோட்டாரின் சுருள் கருகியிருந்தால் வைண்டிங் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சர்க்யூட் போர்டு பழுதும் தேர்ந்தவர்களுக்கே உரியது. மின்சாரமும் நீரும் சேரும் இடத்தில் எர்த் இணைப்பு சரியாக இருப்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு உறுதிசெய்வது உயிர்ப் பாதுகாப்பு. அத்தகைய பணியாளர்களிடம் கூலியில் பேரம் பேசி இழுத்தடிக்காமல், வேலை முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும். உழைப்பவரின் கூலியைத் தாமதிப்பதை மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது நாம் அறிந்ததே.

பழுதைத் தள்ளிப்போடும் வழிகளும் எளியவை. டிரம்மைத் திணித்து நிரப்பாதீர்கள். சலவைத்தூளைக் கைநிறைய அள்ளிப் போடாதீர்கள். அளவு கூடினால் நுரைதான் கூடும். ஒற்றைக் கனப் போர்வையைத் தனியே போடாமல் இரண்டு மூன்று துணிகளைச் சேர்த்துப் போட்டால் எடை சமனாகும். எங்கள் ஊர் போன்ற உப்புநீர்ப் பகுதிகளில், துணியின்றிச் சிட்ரிக் அமிலத் தூள் இட்டு அவ்வப்போது ஒரு சுற்று ஓட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் மாறினால் அன்றே பாருங்கள்.

சகோதரர்களே! இந்த வாரம் உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். தண்ணீர் மோட்டார், கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி ஒவ்வொன்றின் அருகிலும் நின்று இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதன் சத்தம் மாறியிருக்கிறதா? இது நின்றால் பாரம் யார் மீது விழும்? இரண்டாவது கேள்விக்கான விடையை உங்களிடம் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

குடும்பத்தாரின் சுமையைக் கேளாமலே அறிந்து இறக்கிவைக்கும் பண்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! நம் வீடுகளில் படுக்கையில் இருப்போருக்கு ஷிஃபாவையும், அவர்களுக்குப் பணிவிடை செய்யும் கைகளுக்கு வலிமையையும் நற்கூலியையும் வழங்குவானாக! ஆமீன்.