ஒன்றரை லட்சம் யாருக்கு?

ஒரகடம் டீக்கடைகளில் ஒரு பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. “ஈவி எடுத்தா இன்கம் டாக்ஸ்ல ஒன்றரை லட்சம் கழிச்சுக்கலாமாம்ணே.” பாதி உண்மை. அந்தப் பாதியும் பழசாகிவிட்டது.

2019 பட்ஜெட்டில் வந்த 80இஇபி பிரிவுதான் இந்தப் பேச்சுக்கு மூலம். மின் வாகனம் வாங்கக் கடன் எடுத்தால், அதற்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். கழிவது வட்டி மட்டும்தான். வண்டி விலையோ அசலோ இல்லை. கடன் அனுமதிக்கப்பட்ட தேதி 2019 ஏப்ரல் 1-க்கும் 2023 மார்ச் 31-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கடன் எடுத்தவருக்கு இந்தக் கதவு திறக்காது.

*

கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சம் கடன், 10% வட்டி, மூன்று வருட இ.எம்.ஐ. முதல் பன்னிரண்டு மாத வட்டி சுமார் 8,600 ரூபாய். பழைய வரிமுறையில் 20% படியில் இருப்பவருக்கு இதனால் மிச்சமாவது செஸ் உட்பட 1,800 ரூபாய்க்குள். 30% படிக்காரருக்கு 2,700-க்குள். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வட்டி கட்ட வேண்டுமென்றால் பதினைந்து லட்சத்துக்கு மேல் கடன் வேண்டும். கார் வாங்குபவரை மனதில் வைத்துப் போட்ட உச்சவரம்பு இது. டூ வீலர்காரர் அதன் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது.

*

ஒரகடம் பக்கத்து ஆலைகளில் கான்ட்ராக்ட்டில் இருக்கும் பையனுக்கு அதுவும் இல்லை. பழைய முறையில் வரிக்குரிய வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால், 87ஏ தள்ளுபடியில் வரியே பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? புதிய வரிமுறையில் இந்தக் கழிவே கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து நாமாகச் சொல்லாவிட்டால் எல்லோரும் புதிய முறையில்தான். 2025-26 முதல் அதில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றாகிவிட்டதால், வட்டியைக் காட்டிச் சலுகை கேட்கும் தேவையே பலருக்குப் போய்விட்டது.

அமெரிக்காவில் 2021 முடிய மின் மோட்டார் சைக்கிளுக்கு விலையில் 10%, உச்சமாக 2,500 டாலர், நேராக வரியிலேயே கழித்தார்கள். அங்கும் கட்ட வேண்டிய வரி இல்லாதவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. வரி வழியாக வரும் சலுகை, வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவரைத்தான் தேடிப் போகும்.

*

சட்டத்தில் ஒரு வேடிக்கை. 80இஇபி சொல்லும் மின் வாகனத்துக்கு பேட்டரியும் மோட்டாரும் மட்டும் போதாது. பிரேக் பிடிக்கும்போது வேகத்தை மறுபடி மின்சாரமாக்கும் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் இருந்தே ஆக வேண்டும். மலிவு விலை ஸ்கூட்டர் விற்கிற கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள், பதில் வர நேரமாகும்.

நகையை வைத்து வண்டி எடுப்பது நம் ஊர் வழக்கம். சட்டம் கேட்பது வண்டி வாங்குவதற்கென்றே வங்கியோ தகுதியுள்ள நிதி நிறுவனமோ கொடுத்த கடன். அடகு ரசீதில் வண்டிப் பேச்சு ஏது? மச்சான் கொடுத்த கைமாற்றும் அப்படியே.

*

உண்மையில் பையில் நின்ற பணம் வேறு இடத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் மின் வண்டிக்கு ரோடு டாக்ஸ் முழு விலக்கு. பெட்ரோல் டூ வீலருக்கு 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் விலை வரை 10%, அதற்கு மேல் 12%. அதாவது 1,20,000 ரூபாய் வண்டிக்குப் பதினான்காயிரத்துக்கு மேல். இன்கம் டாக்ஸ் தரும் ஆயிரத்துச் சொச்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி.யில் மின் வண்டிக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5%. பெட்ரோலுக்கு 28% இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு 18% ஆனது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டின் 349 சி.சி. புல்லட், கிளாசிக் எல்லாம் ஒரு சி.சி. வித்தியாசத்தில் தப்பின, 650-க்கு 40%. 350 சி.சி. வரையிலான வண்டிகளோடு ஒப்பிட்டால், மின் வண்டியின் அனுகூலம் அந்த ஒரே நாளில் 23 புள்ளியிலிருந்து 13 ஆகச் சுருங்கியது. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

*

மானியக் கதை தனி. மத்திய அரசின் ஃபேம்-2 திட்டத்தில் 2021 ஜூன் முதல் ஒரு கிலோவாட் மணி பேட்டரிக்கு 15,000 ரூபாய், விலையில் 40% வரை. மூன்று கிலோவாட் மணி பேட்டரி என்றால் 45,000 வரை வந்தது. 2023 ஜூனில் அது 10,000 ரூபாய், 15% என்று இறங்கியது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் கிலோவாட் மணிக்கு 5,000, ஒரு வண்டிக்கு உச்சம் 10,000. அடுத்த ஏப்ரலில் அதுவும் பாதி: 2,500, உச்சம் 5,000. ஆலை விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு ஒரு பைசாவும் இல்லை. நல்ல மின் மோட்டார் சைக்கிள்கள் பலவும் அந்த வேலிக்கு வெளியேதான் நின்றன.

இந்தப் பணம் வாங்கியவர் கணக்கில் விழவில்லை. பில்லிலேயே குறைத்துவிட்டு, கம்பெனி அரசிடம் வாங்கிக்கொண்டது. நமக்கு ஆதார் முக அடையாளம், செல்போனுக்கு ஒரு இ-வவுச்சர், ஒரு கையெழுத்து, ஷோரூமில் ஒரு செல்ஃபி. ஒரு ஆதாருக்கு ஒரு வண்டி. குறை எத்தனை இருந்தாலும் இந்த முறையே நியாயம் என்பேன்: லைனில் நிற்பவருக்கும் மேனேஜருக்கும் ஒரே தொகை. உணவு டெலிவரி போன்ற வேலை செய்பவர்கள் 2,000 பேருக்குப் புது மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 என்று 2025-26 தமிழக பட்ஜெட் சொன்னதும் இந்த வகைதான்.

*

2023 மார்ச் 31-க்குள் கடன் அனுமதி பெற்று இன்னும் தவணை கட்டுபவர்கள், பழைய வரிமுறையில் இருந்தால், விட்டுவிட வேண்டாம். கடன் கொடுத்தவரிடம் வட்டிச் சான்று கேட்டு வாங்குங்கள். ரிட்டர்னில் கடன் கணக்கு எண், அனுமதித் தேதி, வண்டிப் பதிவு எண் எல்லாம் கேட்கிறார்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள், ஷோரூமில் யாராவது “ஒன்றரை லட்சம் கழியும் சார்” என்றால், எந்தத் தேதிக்குள் எடுத்த கடனுக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.