ஐடி மாறினால் எங்கெல்லாம் மாற வேண்டும்

உயிரணுவுக்குள் நடக்கும் வேதிவினைகளைக் கணினி மாதிரியாக எழுதிவைக்கும் எக்ஸ்எம்எல் வடிவம் எஸ்பிஎம்எல். அதில் அறை, வேதிப்பொருள், வினை, அளவுரு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐடி உண்டு. பக்கத்திலேயே எழுதப்படும் பெயர் மனிதர் படிப்பதற்கு மட்டுந்தான். இரண்டு பொருள்களுக்கு ஒரே பெயர் இருந்தாலும் தடையில்லை. மாதிரியின் உறவுகள் அனைத்தும் ஐடியையே பற்றி நிற்கின்றன.

ஒரு வேதிப்பொருளின் ஐடி வினைபடுபொருள் பட்டியலிலும், வேகவிதியின் மேத்எம்எல் சமன்பாட்டிலும், தொடக்க மதிப்புகளிலும், விதிகளிலும், நிகழ்வுகளிலும் வரலாம். உரைத்தொகுப்பியில் தேடி மாற்றுவது இங்கே ஆபத்து: ‘ஏடிபி’யை மாற்றப் போனால் ‘ஏடிபியேஸ்’ நொதியும் சேர்ந்து மாறிவிடும். லிப்எஸ்பிஎம்எல் நூலகத்தில் இதற்கென்றே செயற்கூறுகள் உள்ளன. அவை ஐடியைக் குறிப்பிடும் இடங்களை, அதாவது சுட்டுகளை, மட்டுமே மாற்றும். பொருளின் சொந்த ஐடியைத் தனியாக மாற்ற வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. இரண்டு ஐடிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளவோ, இடையில் மூன்றாவது ஒரு தற்காலிக ஐடி தேவை.

அலகுகளின் ஐடிகள் தனி வட்டம். அலகும் வேதிப்பொருளும் ஒரே ஐடியை வைத்துக்கொள்ளலாம். மெட்டாஐடி இன்னொரு வட்டம். தரவுத்தளங்களைச் சுட்டும் ஆர்டிஎஃப் குறிப்புகள் அதைத்தான் பிடித்திருக்கும். ஆகவே ஒரு வேதிப்பொருளை நகலெடுத்து ஒட்டும்போது ஐடியோடு மெட்டாஐடியையும், குறிப்புக்குள் அதைச் சொல்லும் இடத்தையும் மாற்றியாக வேண்டும்.

இவற்றில் நேரும் பிழைகள் பெரும்பாலும் சரிபார்ப்பியிடம் சிக்கிவிடும். இல்லாத ஐடியைச் சுட்டினாலும், ஒரே ஐடி இருமுறை வந்தாலும் அது சொல்லிவிடும். அது பிழை என்று சொல்லாமல் விடுவது, சுட்டு வேறொரு பொருளோடு ஒட்டிக்கொள்வதை. வேகவிதிக்குள் அறிவிக்கும் உள்ளூர் அளவுரு, அதே ஐடி கொண்ட பொது அளவுருவை அந்த வினைக்குள் மறைத்துவிடும். பொது அளவுரு ஒன்றுக்கு ‘கே1’ என்று புது ஐடி வைக்கிறார் ஒருவர். அதைப் பயன்படுத்தும் வினையில் ஏற்கெனவே உள்ளூர் ‘கே1’ இருக்கிறது. கோப்பு விதிப்படி சரி. ஆனால் சமன்பாடு இப்போது உள்ளூர் மதிப்பை எடுக்கிறது. இதன் மறுதலையும் நேரும்: பொது ‘கே1’ஐ மாற்றுபவர் உள்ளூர் ‘கே1’ஐக் குறிக்கும் சமன்பாட்டிலும் கைவைத்துவிடுவார். புது ஐடியைத் தேர்வதற்கு முன் எல்லா வேகவிதிகளின் உள்ளூர் அளவுருக்களையும் பார்த்துவிடுவதே பாதுகாப்பு.

கோப்புக்கு வெளியிலும் சுட்டுகள் உண்டு. உருவகப்படுத்தலை விவரிக்கும் செட்எம்எல் கோப்பு, எக்ஸ்பாத் முகவரிக்குள் மாதிரியிலுள்ள பொருள்களின் ஐடிகளை எழுதி வைத்திருக்கும். மாதிரியை மட்டும் திருத்தினால் அந்த முகவரியில் ஆளிருக்காது.

ஐடி மாற்றம் கணக்கை மாற்றக் கூடாது. எனவே திருத்துவதற்கு முன்னும் பின்னும் மாதிரியை ஒரே அமைப்புகளோடு ஓட்டி, செறிவு வளைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். கடைசித் தசம இலக்கங்களில் வரும் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். கண்ணுக்குத் தெரியும்படி கோடு விலகினால், உள்ளூர் அளவுரு உள்ள வினைகளிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.